கேட்டால் "இல்லைங்க" என்று சொல்லிவிடாதே

கண்ணு,

நீ காலையில் மலைக்குப் போயிருக்கிறாய். கோவிந்தன் வீட்டில் சொல்லிக்கொண்டு, அவனையும் கூட்டிக்கொண்டு சாயங்கால வண்டிக்கு இறங்கிவிடுகிறேன் என்று சொன்னாய். நாளை மறுநாள் நீங்கள் இரண்டு பேரும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகிறீர்கள். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், இனி ஒரே அறையில் இருக்கப் போகிறீர்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் வண்டி கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலையேறியதிலிருந்து உன் போனுக்கு மணி போகவில்லை. வெள்ளிமலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போட்டுக்கொண்டே இருக்கிறேன். கொண்டை ஊசி வளைவுகளில் அந்த வண்டிக்காரர் ஹாரனை அழுத்துகிற அழுத்து ஞாபகத்துக்கு வருகிறது. நீ டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாதே என்று நினைக்கிறேன். கோவிந்தன் ஊரில் இன்றைக்கு யார் வீட்டிலும் விசேஷம் இருக்கக் கூடாதே, மேளம் அடிக்கக் கூடாதே என்று நினைக்கிறேன். பிறத்தியார் வீட்டில் மேளம் கொட்டக் கூடாது என்று வேண்டிக்கொள்கிற அளவுக்கு ஆகிவிட்டேனே என்று வெட்கமாகவும் இருக்கிறது.

முன்பெல்லாம் சத்தம் எனக்கு வெறும் சத்தம்தான். இப்போது குக்கர் விசில் அடிப்பதற்குள் அடுப்பை அணைத்துவிடுகிறேன். பருப்பு வேகவில்லை என்று நீ தட்டைத் தள்ளுகிறாய். தீபாவளிக்கு உன்னை உள்ளறையில் உட்கார வைத்து, காதில் பஞ்சை அடைத்துக் கதவைச் சாத்தினேன். "நான் இன்னா அடைகாக்குற கோழியாம்மா?" என்று கேட்டாய். உன் போனில் இருந்த அலாரத்தை எடுத்துவிட்டதும் நான்தான். காலையில் உன்னை எழுப்பப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து உன் பாதத்தின் மேல் கையை வைப்பேன். நீ எரிச்சலோடு காலை இழுத்துக்கொள்வாய். அந்த இழுப்பில்தான் எனக்குப் பொழுது விடிகிறது. இன்னும் நாற்பது வயதுகூட ஆகவில்லை, அதற்குள் கிழவி மாதிரி பயப்படுகிறேன் என்று உன் அப்பா சொல்கிறார். சொல்லட்டும்.

இதை எழுத வைத்தது அதெல்லாம் இல்லை. போன வாரம் உனக்குக் காய்ச்சல் வந்ததே, கள்ளக்குறிச்சியில் அந்தக் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தோமே, அதுதான். டாக்டர் உன் தொண்டையைப் பார்த்துவிட்டு, "வேற எதாவது வியாதி இருக்குதா? தினமும் மாத்திரை எதாவது சாப்பிடுறியா?" என்று கேட்டார். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் "இல்லைங்க" என்றாய். அவர் எழுத ஆரம்பித்துவிட்டார். நான்தான் பாய்ந்து, "இருக்குதுங்க, இருக்குதுங்க" என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் எழுதியதை அடித்துவிட்டு வேறு மாத்திரை எழுதினார். முதலில் எழுதியது நமக்கு ஆகாத மருந்துகளில் ஒன்று. வெளியே வந்ததும் நீ பொரிந்தாய்.

"இன்னாத்துக்கும்மா அத்தினி பேர் எதிர்லயும் சொல்ற?"

"அந்த மாத்திரை உனக்கு ஆவாதுடா."

"கம்பெனி வாசலாண்டையும் வந்து நின்னுக்கினு சொல்லுவியா? நோயாளிப் பையன்னு அப்படியே திருப்பி அனுப்பிடுவான். பசங்கள்லாம் என்னைத் தொடவே பயப்படுவானுங்க."

எனக்குக் கோபம் இல்லை கண்ணு. உன்னுடைய அந்த "இல்லைங்க" எனக்கு ரொம்பப் பழக்கமான குரலில் கேட்டது. போன வருடம் வைகாசியில் அதே சொல்லை, அதே வேகத்தில், நான் சொன்னேன். அதைச் சொன்ன இடம் அவசர சிகிச்சைப் பிரிவு. சொன்னது உன் உயிரைப் பற்றி. அன்றைக்கு நடந்ததில் பாதி உனக்குத் தெரியாது. நீ கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாய். நானோ உன் அப்பாவோ அதற்கப்புறம் அதைப் பேசியதில்லை. அதனால் இப்போது முதலிலிருந்து சொல்கிறேன்.

வள்ளி அக்கா கல்யாணத்துக்கு முன்னால் உன் பெரியப்பா வீட்டில் பூவாடைக்காரிக்குப் படையல் போட்டார்கள். நம் பக்கத்தில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்குத்தான் என்பது உனக்குத் தெரியும். குடும்பத்தில் பூவோடும் மஞ்சளோடும் போய்விட்ட பெண், வீட்டுக்கே சாமி. அவளைக் கிணற்றங்கரையிலிருந்து கரகத்தில் அழைத்து வந்து, புதுப் புடவையும் வளையலும் பூவும் வைத்து, பம்பையும் உடுக்கையும் அடித்துப் பாடினால் யார் மேலாவது இறங்குவாள், கல்யாணத்துக்கு உத்தரவு கொடுப்பாள். பத்திரிகையிலேயே மேலே "பூவாடைக்காரி துணை" என்றுதானே போடுகிறோம். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஆடியிலும் அவளுக்குப் பொங்கல் வைத்திருக்கிறேன். தெரிந்ததையே உனக்கு ஏன் விளக்குகிறேன் என்றால், தெரிந்ததை ஒருத்திக்கு விளக்கப் போய்த்தான் நான் கண் திறந்தேன். அது கொஞ்சம் பிறகு வருகிறது.

பொழுது சாயும் நேரம். கரகம் வாசலுக்கு வந்தது. நீ புது வேட்டியும் வெற்றுடம்புமாகக் கரகத்துக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு வந்தாய். தெருமுனையில் யாரோ அதிர்வேட்டைப் பற்ற வைத்தார்கள். தெருவே அதிர்ந்தது. அடுத்த கணம் குடை ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். ஒரு வார்த்தை இல்லை, தள்ளாட்டம் இல்லை. நின்ற பிள்ளை விழுந்து கிடந்தாய். பெண்கள் குலவை போட்டார்கள். "ஆம்பளப் புள்ள மேல எறங்கிட்டாளேடி!" என்று ஒருத்தி. "தம்பி பெத்த புள்ளையாச்சே, பாசம் உடுமா?" என்று இன்னொருத்தி. பம்பைக்காரர் உன் தலைமாட்டிலேயே உட்கார்ந்து வேகமாக அடித்தார். உன் பெரியப்பா கற்பூரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, "வந்திருக்கறது யாரு? வாயத் தொறந்து சொல்லு தாயே! கல்யாணத்துக்கு உத்தரவு குடுக்கறியா?" என்று உன் முகத்துக்கு நேராகக் கேட்டார்.

நானும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். அதைச் சொல்லாமல் இந்தக் கடிதம் எழுதிப் பயனில்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இத்தனை பேர் இருக்க என் பிள்ளை மேல் வந்தாளே என்று கண் கலங்கியது. தவளையின் இதயத்தை அறுத்துப் பார்த்து, படம் வரைந்து பாகம் குறித்து, விலங்கியலில் பட்டம் வாங்கியவள் நான். அப்படியே நின்றேன். பிறகுதான் உன் வேட்டி நனைந்திருப்பதைப் பார்த்தேன். சாமி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆடுவார்கள், பல்லைக் கடிப்பார்கள், ஏதாவது கேட்பார்கள். நீ பிழிந்து போட்ட துணி மாதிரி கிடந்தாய். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. "சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல, எம்புள்ளைக்கு இன்னாவோ ஆயிடுச்சி" என்று நான் கத்திய பிறகுதான் பம்பை நின்றது. அதற்குள் ஒருத்தர் உன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். ஒருத்தர் வாயில் சோடாவை ஊற்றினார், அது கடைவாய் வழியாக வழிந்தது. உன் அப்பா உன்னைத் தூக்கியபோது நீயே கண்ணைத் திறந்து, "இன்னாம்மா இத்தினி கும்பல்?" என்றாய்.

"பாத்தியா, சாமி மலையேறிடுச்சி," என்றார் பெரியப்பா. "படையல முடிச்சிட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போலாம். பாதியில எழுந்து போனா குத்தம்." நான் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக் காரில் உன்னைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டோம். வழியில் எனக்கு நீ ஐந்தாவது படித்தபோது நடந்தது நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற தண்டவாளத் துண்டுக்குக் கீழேயே நீ நின்றிருந்தாய், மணி அடித்ததும் விழுந்தாய் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். காலையில் சாப்பிடாமல் போனதால் என்று முடிவு செய்தோம். ரத்தம் கம்மி என்று டானிக் வாங்கிக் கொடுத்தேன். தர்காவில் ஒரு தாயத்தும் கட்டினேன். மணியை யாரும் நினைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உனக்குப் பக்கத்துக் கட்டிலில் கருணாபுரத்துக்காரர் ஒருத்தர் இருந்தார். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், அவரும் மயங்கி விழுந்துதான் வந்திருந்தார். அவர் மனைவி டாக்டருக்கு முன்னாலேயே அவரைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டிருந்தாள். "கஞ்சி குடிச்சிட்டுப் போய்யான்னா, பெரிய தொரையாட்டம் டீத்தண்ணிய குடிச்சிட்டு வெயில்ல போய் நின்னா இன்னா ஆவும்?" அவர் கட்டிலில் படுத்தபடியே, "நீ திட்னதுலதாண்டி மயக்கமே வந்துச்சி, டாக்டரம்மா எழுதிக்கோங்க," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த இளம் டாக்டர் அவரிடம் கேட்டதைத்தான் உன்னிடமும் எங்களிடமும் கேட்டார். விழுவதற்கு முன்னால் நின்றிருந்தீர்களா, உட்கார்ந்திருந்தீர்களா? வேர்த்ததா, கண் இருட்டியதா, குமட்டியதா? எவ்வளவு நேரம் நினைவில்லை? எழுந்ததும் ஆளைத் தெரிந்ததா? படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்த்தார். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். இரண்டு பேருக்குமே இ.சி.ஜி. எடுத்தார். மூட்டைக்காரருக்கு முதலில் வேர்த்து, காது அடைத்து, கண் இருட்டி, கீழே உட்காரலாம் என்று நினைக்கும்போது விழுந்திருக்கிறார். "இவருக்குச் சொல்லிட்டு வந்த மயக்கம். உங்க பையனுக்குச் சொல்லாம வந்திருக்கு. எனக்கு அதுதான் பிடிக்கல," என்றார் டாக்டர்.

உன் இ.சி.ஜி. தாளை வெளிச்சத்தில் வைத்து ஸ்கேல் மாதிரி ஏதோ ஒன்றால் அளந்தார். மறுபடி அளந்தார். "கொஞ்சம் நீளமாத் தெரியுது. ஆனா உறுதியாச் சொல்ல முடியல. சில சமயம் இப்படி இருக்கறது சாதாரணமாவும் இருக்கலாம். அதனால ஒண்ணு கேக்கறேன், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க ரெண்டு பேர் குடும்பத்துலயும் சின்ன வயசுல, நல்லா இருந்தவங்க, திடீர்னு யாராவது இறந்திருக்காங்களா? தூக்கத்துல, தண்ணியில, ஓடும்போது, பயந்து... எப்படியாவது?"

"இல்லைங்க," என்றேன் நான். "அப்படி ஒருத்தரும் இல்லைங்க," என்றார் உன் அப்பா.

பொய் சொல்லவில்லை கண்ணு. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது. மறைத்திருந்தால்கூட மனசு உறுத்தியிருக்கும், ஒரு நிமிஷம் கழித்தாவது சொல்லியிருப்பேன். யோசித்துத்தான் சொன்னோம். என் பக்கத்துச் சித்தப்பா வயசாகிப் போனார், உன் தாத்தா ஆஸ்துமாவில் போனார் என்று விரல் விட்டுப் பார்த்துத்தான் இல்லை என்றோம். செத்தவர்கள் கணக்கில் அவள் வரவே இல்லை. அவள்தான் ஆடிக்கு ஆடி நம் வீட்டுக்கு வருகிறாளே.

"அப்படின்னா இன்னைக்கு இங்க வச்சுப் பாத்துட்டு, காலையில அனுப்பிடலாம்," என்றார் டாக்டர். காகிதத்தில் எழுதிக்கொண்டே, "விழும்போது என்ன செஞ்சுட்டு இருந்தான்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

"சாமி கும்பிட்டுக்கினு இருந்தோங்க. பூவாடைக்காரிக்குப் படையல்."

அவருக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். "எனக்கு இந்தப் பக்கத்துச் சாமியெல்லாம் தெரியாதும்மா. அம்மனா?" என்று கேட்டார். எழுதும்போது சும்மா பேச்சுக்குக் கேட்ட கேள்விதான்.

"அம்மன் மாதிரிதாங்க. எங்க வூட்டு சாமி. இவரோட அக்காதான். கன்னிப் பொண்ணா இருக்கும்போதே..."

அந்த இடத்தில் என் நாக்கு நின்றுவிட்டது. நான் பேசியது என் காதிலேயே விழுந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். உன் அப்பா என்னைப் பார்த்தார். சாமியைப் பற்றித்தானே சொன்னோம், ஏன் இந்த அம்மா இப்படிப் பார்க்கிறார் என்று ஒரு கணம் அவருக்கு விளங்கவில்லை. பிறகு அவர் முகம் மாறியது.

"எப்படி இறந்தாங்க?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார். "பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

"நான்தாங்க இருந்தேன்," என்றார் உன் அப்பா.

நீ அப்போது கண்ணை மூடியிருந்தாய். தூங்கிவிட்டாய் என்று நினைத்தோம். உன் அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "நான் சின்னப் பையங்க. கொல்லயில அது மல்லாட்ட, வேர்க்கடலைங்க, ஆஞ்சிக்கினு இருந்துது, நான் பக்கத்துல வெளையாடிக்கினு இருந்தேன். அடுத்த கொல்லயில கெணறு எறக்கனாங்க. பாறைக்கு வெடி வச்சாங்க. டமார்னு கேட்டுது. அக்கா அப்படியே மல்லாட்டக் குவியல் மேல தலைய வச்சி சாஞ்சிடுச்சிங்க. பயந்த மாரி நடிக்குதுன்னு நெனச்சேன். எனக்கு அப்படித்தான் வெளையாட்டுக் காட்டும். எழுந்திரு எழுந்திருன்னு தலையில மண்ண தூவிக்கினு சிரிச்சேங்க. ரொம்ப நேரம் சிரிச்சிக்கினே இருந்தேன்." அதன் பிறகு பெரியவர்கள் வந்திருக்கிறார்கள். ஒரு நோய் நொடி இல்லாத பெண், உடம்பில் ஒரு காயம் இல்லை, முகம் தூங்குகிற மாதிரி இருந்தது. சாமிதான் கூப்பிட்டுக்கொண்டது என்றார்கள். அடுத்த ஆடியில் அவளுக்குக் கரகம் எடுத்துவிட்டார்கள். சிரித்ததை மட்டும் உன் அப்பா யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொன்னதில்லை.

"அவங்க பேர் என்ன?" என்று கேட்டார் டாக்டர்.

"அஞ்சலை."

இத்தனை வருடம் அவளுக்குப் பொங்கல் வைத்தவள், அந்தப் பெயரை அன்றைக்குத்தான் கேட்டேன்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. உன் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி மெஷினோடு இணைத்தார்கள். புதுச்சேரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். அங்கே பெரிய டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இதயம் ஒரு அடி அடித்த பிறகு, அடுத்த அடிக்குத் தயாராகக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுமாம். உனக்கு அந்த நேரம் மற்றவர்களை விட நீளம். ஆசுவாசமாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. அந்த நேரம் பார்த்துத் திடீரென்று ஒரு சத்தம் வந்து மோதினால் துடிப்பு தாறுமாறாகிவிடும். தானாகச் சரியானால் மயக்கம். சரியாகவில்லை என்றால் அஞ்சலை. இது பரம்பரையாக வரும் என்றார். அங்கேயே உன் அப்பாவுக்கும் இ.சி.ஜி. எடுத்தார்கள், அவருக்கும் நீளம். அவர் இப்போது உன்னோடு சேர்ந்துதான் மாத்திரை போடுகிறார். ஆனால் நீ பார்க்கும்போது போடமாட்டார், கவனித்திருக்கிறாயா? "புள்ள பயந்துடுவான்" என்கிறார். இந்த வீட்டில் யார் யாருக்காகப் பயப்படுகிறோம் என்றே தெரியவில்லை.

உன் பெரியப்பாவையும் எடுத்துப் பார்க்கச் சொன்னபோது, "சாமிக்கே வியாதின்னு சொல்றியா? படிச்ச திமிரு," என்று என்னை ஏசினார். "சாமிக்கு இல்ல மாமா, அஞ்சலைக்கு," என்றேன். அந்தப் பெயரை யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார். இன்னும் அவர் எடுக்கவில்லை. வள்ளி அக்கா மட்டும் மாப்பிள்ளையோடு போய் எடுத்துக்கொண்டாள், அவளுக்கு ஒன்றும் இல்லை. நான் சாமியை விட்டுவிட்டேன் என்று ஊரில் பேசுகிறார்கள். விடவில்லை. போன ஆடியிலும் பொங்கல் வைத்தேன். பம்பை வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ஒரு கைப்பிடி மல்லாட்டை வறுத்து வைத்து, பெயரைச் சொல்லித்தான் கும்பிட்டேன். கும்பிடுவது வேறு, கேட்டால் சொல்வது வேறு. இரண்டையும் செய்யலாம்.

இனி நீ போகிற இடத்தில் உன் பாதத்தின் மேல் கை வைக்க நான் இருக்கமாட்டேன். அதனால் சொல்வதைக் கேள். மாத்திரையை ஒரு நாள்கூட விடாதே. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று தோன்றுகிற நாள்தான் பயப்பட வேண்டிய நாள். மெடிக்கலில் நீயாகப் போய் எந்த மாத்திரையும் வாங்காதே, சளி மாத்திரையானாலும் சரி. வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் அறையில் சுருண்டு படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. உடம்பில் உப்புச்சத்து குறைந்தாலும் உன் துடிப்புக்கு ஆகாதாம். போனை அதிர்வில் வைத்துத் தலையணைக்கு அடியில் போட்டுக்கொள். கம்பெனியில் சைரன் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வை. அங்கே இருக்கிற நர்ஸிடம் டாக்டர் கொடுத்த காகிதத்தைக் காட்டு. வேலை செய்யலாம் என்றுதான் அதிலும் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்கிற கம்பெனி நமக்கும் வேண்டாம்.

கூட இருப்பவன் ஒருவனுக்காவது எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் கண்ணு. நீ விழுந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, சாவி வேண்டாம், கூட்டம் வேண்டாம், தட்டையாகப் படுக்க வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்க வேண்டும், வரவில்லை என்றால் நெஞ்சை அழுத்திக்கொண்டே 108-க்குக் கூப்பிட வேண்டும் என்று ஒருவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் சிரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாது. கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டும் நிற்கக் கூடாது. எந்த ஊர் ஆஸ்பத்திரியாக இருந்தாலும், எந்த டாக்டராக இருந்தாலும், வீட்டில் யாராவது சின்ன வயதில் இறந்திருக்கிறார்களா என்று கேட்டால், நம் வாய்க்குப் பழகிய அந்தச் சொல் முந்திக்கொண்டு வரும். அதை விழுங்கு. என் அத்தை, பேர் அஞ்சலை, வெடிச் சத்தத்தில் செத்துப் போனாங்க என்று சொல். சாமியாகிவிட்டாள் என்று சொல்லாதே, செத்துப் போனாள் என்று சொல். அவளுக்குக் கோபம் வராது. வந்தால் என்மேல் வரட்டும்.

இதுவரை எழுதியபோது வண்டிச் சத்தம் கேட்டது. எழுதியதை அரிசி டப்பாவுக்கு அடியில் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினேன். மீதியை நீங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது எழுதுகிறேன். நீ இறங்கி, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாய். கோவிந்தன் ஒரு பை நிறையச் சாமையைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்துவிட்டு, அங்கேயே நின்றான்.

"எம்மா, உங்க புள்ள ராஜாவூட்டுப் புள்ளையாமே? பேர் சொல்லி எழுப்பக் கூடாதாம், கால தொட்டுத்தான் எழுப்பணுமாம்?"

"யாரு சொன்னது?" என்றேன்.

"இவன்தான். மலையிலேர்ந்து எறங்கற வரைக்கும் அதான் பேச்சு. எந்த மாத்திரை, வுழுந்தா இன்னா பண்ணணும், எல்லாம் சொன்னான். அவுங்க அத்தை கதைகூடச் சொன்னான்மா. மல்லாட்டக் குவியல் மேல சாஞ்சிட்டாங்களாமே, இவங்கப்பா வெளையாட்டுன்னு சிரிச்சிக்கினு இருந்தாராமே." அவன் குரலைத் தாழ்த்தினான். "இந்த விஷயம் எனக்குத் தெரியும்னு அப்பாக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னான்."

அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ தூங்கவே இல்லை, இல்லையா? ஒரு வருடமாக உன் அப்பாவின் அந்தச் சிரிப்பை நீயும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். நான் என்னவோ உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன் என்று இவ்வளவு எழுதிவிட்டேன். இருந்தாலும் கிழிக்கவில்லை. கோவிந்தனிடம் சொல்லிவிட்டாய் என்பதால் என் பயம் போய்விட்டது என்று நினைக்காதே, அது எங்கேயும் போகாது. டாக்டர் கேட்கும்போது நான் பக்கத்தில் இருக்கப் போவதில்லை. இதை உன் பையில் சட்டைகளுக்கு நடுவில் வைக்கிறேன்.

அப்போது வாசலில் கோவிந்தன் இன்னும் பதிலுக்கு நின்றுகொண்டிருந்தான். "மெய்யாலுமா எம்மா, காலதான் தொடணுமா?" என்று மறுபடி கேட்டான்.

"ஆமாம்பா," என்றேன். "பாதத்து மேல கைய வச்சா போதும், அவனே காலை இழுத்துக்குவான். ஆனா காலையில கை சில்லுனு இருக்கும். நல்லா தேச்சி சூடு பண்ணிக்கினு அப்புறம் தொடு."